இடம் வலம் மாறிய முத்தீவுப் படம்

மருதங்கழியில் பல்கலைக்கழகம் எழுந்த நாற்பதாம் ஆண்டில் அந்நகருக்கு முதல் அச்சுப்பொறி வந்தது. அடுத்த ஆண்டே இரண்டாவதும் வந்தது. முதலாவது கோட்டை வாசலில் நின்றது. இரண்டாவது துறைமுகத்துக்கு அருகே, பழைய உப்புக் கிடங்கொன்றில் நின்றது. அதை நடத்தியவர் ஞானாதிக்கம் அம்மாள்.

அம்மாளுக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய மாணாக்கர் சிவக்கொழுந்துக்கு வயது ஐம்பத்தெட்டு.

உப்புக் கிடங்கு அச்சுக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தம் நூலை அச்சிட வருபவர் எவராயினும் முதலில் ஆறு மாதம் அங்கே தொழில் கற்க வேண்டும். பிறகு தம் நூலைத் தாமே அச்சுக் கோக்க வேண்டும். தாமே மெய்ப்புப் பார்க்க வேண்டும். இந்த நிபந்தனையைக் கேட்ட பேராசிரியர் பலர், அங்கிருந்து நேரே கோட்டை வாசலுக்கு நடந்துவிட்டனர்.

சிவக்கொழுந்து நடக்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர் அவர். பிறர் கையில் தம் நூலை ஒப்படைக்கும் எண்ணம் அவருக்கு முதலிலிருந்தே இல்லை.

"நான் மாணாக்கனாக இருந்து நெடுங்காலம் ஆயிற்று அம்மா" என்றார், முதல் நாள்.

"நான் ஆசிரியையாக இருந்ததே இல்லை ஐயா. இருவருக்கும் கடினம்தான். மை ஒற்றும் பந்தை எடுங்கள்."

அவர் எடுத்தார்.

அவருடைய நூலின் பெயர் 'முத்தீவு வழிநூல்'. மருதங்கழித் தோணிகள் ஒவ்வோர் ஆண்டும் வாடைக்காற்றில் தெற்கே ஓடி, முத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகும். மூன்று தீவுகளுக்கும் இடையில் குறுகிய கடல்வழி ஒன்று உண்டு. அதன் வாயில் நீருக்குள் மறைந்து கிடக்கும் பாறைத் திட்டுக்கு ஆனைப்பார் என்று பெயர். முதிய தோணிக்காரர்களிடம் பன்னிரண்டு ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, ஆழமும் நீரோட்டமும் அடையாள மரங்களும் குறித்து, அவ்வழியைச் சிவக்கொழுந்து ஒரு படமாக வரைந்திருந்தார். ஆனால் அவர் ஒரு நாளும் கடலில் போனதில்லை.

அந்த ஆண்டு பத்துப் பேர் புதிதாகத் தோணி நடத்தப் போகிறார்கள் என்பது நகர் முழுவதும் தெரிந்த செய்தி. அவர்கள் ஒருவரும் முத்தீவைக் கண்டவர்கள் அல்லர். வழிநூலுக்காக அவர்கள் காத்திருந்தார்கள். மார்கழி இருபதாம் நாள் தோணிகள் புறப்படும்.

நூலில் ஒரே ஒரு படம். அந்த அச்சுக்கூடத்தில் அச்சாகும் முதல் படமும் அதுவே. அதை மரப்பலகையில் செதுக்கும் பொறுப்பு காத்தமுத்து ஆசாரியிடம் இருந்தது. ஞானாதிக்கம் அம்மாள் காகிதம் தேடி உள்நாட்டுக்குப் போயிருந்த நாள்களில், ஆசாரி தம் பலகையைக் கொண்டுவந்து வைத்தார்.

சிவக்கொழுந்து தம் படத்தைப் பலகைக்கு அருகில் விரித்தார். கவராயத்தை எடுத்து அளந்தார். முகம் சிவந்தது.

"என்ன ஆசாரியாரே இது? ஒரு தீவும் தன் இடத்தில் இல்லையே!"

"ஐயா, அது வந்து..."

"ஆனைப்பார் எந்தப் பக்கம் இருக்கிறது? என் படத்தைப் பாரும். உம் பலகையைப் பாரும்."

"அதத்தான் சொல்ல வர்றேங்க. தாள்ல..."

"தாளைப் பற்றி நான் கேட்கவில்லை. பலகையைப் பற்றிக் கேட்கிறேன். படத்தில் உள்ளது உள்ளபடி பலகையில் வர வேண்டும். சொன்னதைச் செய்யும்."

மூன்றாம் முறையும் ஆசாரி வாயைத் திறந்தார். சிவக்கொழுந்து கவராயத்தை மூடி உறையில் போட்டார். வகுப்பில் அவர் அப்படிச் செய்தால் பாடம் முடிந்துவிட்டது என்று பொருள். ஆசாரி அவரிடம் படித்தவர் அல்லர்; ஆயினும் அவருக்கும் அது புரிந்தது.

வேறு நல்ல பலகை இல்லை. ஆசாரி அதையே சீவி, பன்னிரண்டு நாள் இருந்து, மறுபடி செதுக்கினார். இம்முறை பலகையும் படமும் அணுவளவும் மாறாமல் பொருந்தின. சிவக்கொழுந்து மனநிறைவோடு தலையசைத்தார். பெயர்கள் வர வேண்டிய இடங்களில் பலகையில் துளை வெட்டி, ஈய எழுத்துகளை அவரே பொருத்தினார். முதல் தாள் அச்சானதும் முப்பத்தொரு பெயர்களையும் பட்டியலோடு நான்கு முறை ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் ஒற்றெழுத்தும் பிறழவில்லை. பெயர்களைப் பார்த்த கண் தீவுகளைப் பார்க்கவில்லை.

இருநூறு தாள் அச்சாகிக் கொடியில் உலர்ந்தது.

மார்கழி பதினாறாம் நாள் காலை அம்மாள் ஊர் திரும்பினார். தை பிறக்கும்வரை எங்கும் ஒரு தாள் காகிதமும் கிடைக்காது என்ற செய்தியோடு வந்திருந்தார். அதே வேளையில் நெய்னா முகம்மதுவும் வந்து சேர்ந்தார். அவர் தண்டல், தோணியை நடத்திச் செல்லும் தலைவரைக் கடற்கரையில் அப்படித்தான் அழைப்பார்கள். முத்தீவுக்கு இருபத்தாறு முறை போய் வந்தவர். சிவக்கொழுந்துக்குத் தகவல் சொன்னவர்களுள் அவரே முதல்வர். ஆகவே தைத்து முடித்த முதல் பிரதியை அவரிடம் தருவதென்று தீர்மானித்திருந்தார்கள்.

தண்டல் கையைத் துடைத்துக்கொண்டு நூலை வாங்கினார். படத்தைப் பிரித்தார். பார்த்தார். உரக்கச் சிரித்தார்.

"வாத்தியாரே, நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க! ஒரு சந்தேகம். இந்த முத்தீவு எந்தக் கடல்ல இருக்கு?"

"ஏன், என்ன?"

"தீவு மூணும் அச்சு அசலா இருக்கு. ஆனா பெரிய தீவு சின்ன தீவு எடத்துல நிக்கிது, சின்ன தீவு பெரிய தீவு எடத்துல நிக்கிது. கண்ணாடியில மொகம் பாத்த மாதிரி." சிரித்துக்கொண்டே விரலை நகர்த்தியவர், விரலை ஓரிடத்தில் நிறுத்தினார். சிரிப்பும் நின்றது. "ஆனைப்பாரு வலக்கைப் பக்கம் இருக்கணும். இங்க இடக்கைப் பக்கம் கெடக்கு."

ஞானாதிக்கம் அம்மாள் அருகில் வந்தார்.

"எனக்குக் கவலையில்ல. நான் கண்ண மூடிக்கிட்டுப் போவேன். புதுசாப் போற பயலுவ பத்துப் பேரு இருக்கானுவளே, அவனுவ இதப் பாத்து வலப்பக்கம் ஒதுங்குவானுவ. ஒதுங்குனா, நேரா பாரு மேலதான். தோணி ரெண்டாப் பொளந்துரும் வாத்தியாரே."

சிவக்கொழுந்து நூலை வாங்கிப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்த்திருந்த பலகையைப் பார்த்தார். மறுபடியும் நூலைப் பார்த்தார். ஈய எழுத்தைப் போலவே பலகையில் உள்ளதும் தாளில் திரும்பித்தான் விழும்; முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவருக்கு நான்காவது பார்வை தேவைப்படவில்லை.

"படம் எப்படி மாறியது?" என்று அம்மாள் கேட்டார்.

"செதுக்கியதில்... பிழை நேர்ந்திருக்கிறது" என்றார் சிவக்கொழுந்து.

பின்கட்டின் வாசலில் காத்தமுத்து ஆசாரி நின்றுகொண்டிருந்தார். அவர் அம்மாளைப் பார்த்தார், சிவக்கொழுந்தைப் பார்த்தார், உளியைத் துணியால் துடைத்தார்.

அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை.

"புதிதாகச் செதுக்க எத்தனை நாள் ஆகும் ஆசாரியாரே?"

"பன்னெண்டு நாளுங்க அம்மா. ராப்பகலா ஒக்காந்தாலும் பத்து."

"நமக்கு இருப்பது நான்கு. செதுக்கினாலும் அச்சிடத் தாள் இல்லை."

"எரித்துவிடலாம்" என்றார் சிவக்கொழுந்து. "இருநூறு படத்தையும் எரித்துவிடலாம். படமில்லாமல் நூல் போகட்டும்."

"படம் இல்லாம அது வெறும் பாட்டுப் பொஸ்தகந்தான்" என்றார் தண்டல். "பேரு முப்பத்தொண்ணு இருக்கும். எது எங்கன்னு இருக்காது."

"அடுத்த ஆண்டு வெளியிடலாம்."

"காத்து அடுத்த வருசம் வரைக்கும் நிக்காது. பயலுவளும் நிக்க மாட்டானுவ. படம் இருந்தாலும் போவானுவ, இல்லாட்டியும் போவானுவ."

தண்டல் படத்தாளை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தாளில்தான் குற்றமோ என்று பார்ப்பவரைப் போல முன்னும் பின்னும் திருப்பினார். அது மெல்லிய நாட்டுக் காகிதம். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வெயில் அதனூடே புகுந்து வந்தது.

"அட! இங்க வாங்க வாத்தியாரே. பின்னாலேருந்து பாருங்க."

சிவக்கொழுந்து போய்ப் பார்த்தார். மூன்று தீவுகளும் தத்தம் இடத்தில் நின்றன. ஆனைப்பார் வலக்கைப் பக்கம் கிடந்தது. பெயர்கள் மட்டும் திரும்பியிருந்தன.

"பேரு தலைகீழா இருந்தா எனக்கென்ன? எனக்குப் படிக்கவே தெரியாது" என்றார் தண்டல். "ஆனா பயலுவ படிச்சவனுவ. பல்கலைக்கழகத்துல நீங்க கெடுத்து வச்ச பயலுவ."

ஆசாரி அப்போதுதான் உள்ளே வந்தார்.

"அம்மா, ஒரு ஊசி குடுங்க."

ஒவ்வொரு பெயருக்கும் கீழே, ஒரு நெல்லளவு தள்ளி, அவர் ஊசியால் தாளைத் துளைத்தார். முப்பத்தொரு துளை. தாளைத் திருப்பி மேசைமேல் வைத்தார்.

"துளை இருக்குற எடத்துல இந்தப் பக்கம் பேர அடிச்சிரலாம். வெளிச்சத்துல புடிச்சா, படம் அந்தப் பக்கத்துது தெரியும். பேரு இந்தப் பக்கத்துது தெரியும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது."

ஞானாதிக்கம் அம்மாள் அந்தத் துளைகளை நெடுநேரம் பார்த்தார்.

"நான்கு நாள் போதுமா?"

"ரெண்டே போதுங்க."

சிவக்கொழுந்தின் முகத்தில் மறுபடி குருதி ஓடியது. உடனே அமர்ந்து முப்பத்தொரு பெயர்களையும் கோக்கத் தொடங்கினார். அன்று அவர் விரல்கள் ஒரு முறையும் தடுமாறவில்லை. மறுநாள் நண்பகலுக்குள் முதல் தாளின் பின்பக்கம் அச்சாகி வந்தது. தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ஆசாரி சொன்னபடியே இருந்தது.

"ஒரு குறிப்பும் வேண்டும்" என்றார் அம்மாள். "படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று முன்பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் திருப்பாமலே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எழுதுங்கள் ஐயா."

சிவக்கொழுந்து எழுதிக் கொண்டுவந்தார். அம்மாள் வாங்கி உரக்கப் படித்தார்.

"'படிப்போர் கவனத்துக்கு: இப்படம் ஒளியின் துணைகொண்டு பின்புறமாக நோக்கும் புதிய முறையில் அமைக்கப்பட்டுள்ளது.'"

அவர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை. தவறு என்றும் சொல்லவில்லை. பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஆசாரியாரே! வானவியல் நூலுக்கு விண்மீன் படம் செதுக்கப் போகிறீர்கள் அல்லவா? அதையும் இதே போல் நேராகவே செதுக்குங்கள். பின்பக்கம் பெயர் போட்டுக்கொள்ளலாம். இதுதான் நம் அச்சுக்கூடத்தின் புதிய முறையாம்."

ஆசாரி வெளியே வந்தார். கையில் சுத்தியல் இருந்தது. அவர் அம்மாளைப் பார்க்கவில்லை. சிவக்கொழுந்தைப் பார்த்தார்.

"அப்படியே செய்யட்டுங்களா ஐயா?"

அவர் குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

சிவக்கொழுந்தின் தலை கவிழ்ந்தது. "வேண்டாம்" என்றார் மெல்ல. "அம்மா, அந்தத் தாளைக் கொடுங்கள். வேறு எழுதுகிறேன்."

அரை நாழிகையில் இரண்டாவது குறிப்பு வந்தது. அம்மாள் அதையும் உரக்கப் படித்தார்.

"'அச்சுக்கூடத்தாரின் கவனக்குறைவால் இப்படம் இடம் வலம் மாறி அச்சாகிவிட்டது.'" அவர் நிமிர்ந்தார். "யார் ஐயா இந்த அச்சுக்கூடத்தார்? இந்தக் கிடங்கில் ஞானாதிக்கம் இருக்கிறாள், காத்தமுத்து இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். அச்சுக்கூடத்தார் என்று ஒருவரை நான் பார்த்ததில்லையே."

"அம்மா."

"சொல்லுங்கள்."

"விடையில் ஒரு பின்னப்புள்ளி இடம் மாறியதற்காக ஒருவனை ஓராண்டு அதே வகுப்பில் உட்கார வைத்தவன் நான். அவன் இப்போது பல்கலைக்கழகத்தில் ஆசிரியன். இந்த நூலை முதலில் வாங்கப் போகிறவனும் அவனே. என் மாணாக்கர் அத்தனை பேரும் இதைப் படிப்பார்கள்."

"படிக்கத் தெரிந்தவர்கள்தானே?"

"நான்தானே கற்பித்தேன்!"

"அப்படியானால் நன்றாகப் படிப்பார்கள்" என்றார் அம்மாள். அச்சுப்பொறியின் திருகுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

சிவக்கொழுந்து எழுத்துப் பெட்டியின் முன் நின்றார். மூன்றாவது குறிப்பை அவர் தாளில் எழுதவில்லை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து நேரே கோக்கத் தொடங்கினார். ஒரு சொல்லில் நெடுநேரம் நின்றார். பிறகு மேலே போனார். கோத்து முடித்ததும் மை ஒற்றி, ஒரு துண்டுத் தாளில் அழுத்தி, அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

"ஆசாரியாரே, இதைப் படித்துப் பாருங்கள்."

"எனக்கு எழுத்துக் கூட்டித்தாங்க படிக்க வரும்."

"கூட்டியே படியுங்கள். நேரம் இருக்கிறது."

ஆசாரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'இப்படம் இடம் வலம் மாறியுள்ளது. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பலகை செதுக்கிய காத்தமுத்து ஆசாரி முதலில் சரியாகவே செதுக்கினார். அவரைப் பேசவிடாமல் மாற்றச் செய்தவன் இந்நூலாசிரியன் சிவக்கொழுந்து. இன்னும் என்னென்ன பிழைகள் உள்ளனவோ, கண்டவர் சொல்ல வேண்டும்.'

படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முடித்த பிறகும் ஆசாரி தாளைக் கீழே வைக்கவில்லை.

"எம் பேரு அச்சுல வந்திருக்கு" என்றார்.

"வந்திருக்கிறது."

"அந்தக் கடைசி வரி எதுக்குங்க? வேற பிழைதான் இல்லியே. நாலு தடவ பாத்தீங்களே."

"படத்தையும்தான் பார்த்தேன்" என்றார் சிவக்கொழுந்து.

பத்தொன்பதாம் நாள் மாலைக்குள் இருநூறு படமும் குறிப்போடு அச்சாகி, உலர்ந்து, நூலில் சேர்ந்தது. இருபதாம் நாள் காலையில் பத்துப் பேரும் வந்து வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் குறிப்பைப் படித்தார்கள். படித்தவுடன் சிவக்கொழுந்தை ஒரு முறை பார்த்தார்கள். அவர் நேராக நின்றார். பத்தாவது ஆள் மட்டும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்; சிரித்த வாயைக் கையால் மூடிக்கொண்டு வெளியே ஓடினார்.

"அது யார் ஐயா?" என்று அம்மாள் கேட்டார்.

"பின்னப்புள்ளிக்காரனின் தம்பி."

வாடை வீசி ஓய்ந்தது. அச்சுக்கூடத்தில் வானவியல் நூல் நடந்தது. சிவக்கொழுந்தின் ஆறு மாதமும் அவருடைய நூலும் முடிந்துவிட்டன. இருந்தும் அவர் நாள்தோறும் வந்தார். அவர் போகவில்லையா என்று அம்மாள் கேட்கவும் இல்லை. பல்கலைக்கழக வாசலில் அவரைக் கண்டால் சிலர் இடப்பக்கம் ஒதுங்குவதா வலப்பக்கம் ஒதுங்குவதா என்று நடித்துக் காட்டினார்கள். அவர் நின்று, நடிப்பு முடியும்வரை பார்த்துவிட்டு நடந்தார்.

ஆனால் மாலைதோறும் வேலை முடிந்ததும் துறைமுகத்துக்குப் போய்ச் சற்று நேரம் தென்திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திரும்பி வந்ததும் அம்மாளிடம் ஒரே சொல்தான் சொல்வார்.

"இல்லை."

தெற்கிலிருந்து சோளகக் காற்று பிறந்தது. சித்திரை போயிற்று. வைகாசி ஏழாம் நாள் காலை அவர் துறைமுகத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. துறைமுகமே வந்து கதவைத் தட்டிற்று. நெய்னா தண்டல், தலையில் ஒரு சாக்குப் பையோடு வாசலில் நின்றார்.

"வாத்தியாரே!"

சிவக்கொழுந்து எழுந்தார். கையிலிருந்த எழுத்துகள் சிதறின.

"எத்தனை பேர்?"

"உக்காருங்க சொல்றேன்."

"எத்தனை பேர் தண்டலே?"

"பத்தும் வந்திருச்சு. பத்துத் தோணியும். ஆனைப்பாரு ஒருத்தன் தோணியையும் தொடல. ஒவ்வொருத்தனும் தாள வெயில்ல தூக்கிப் புடிச்சுக்கிட்டே போனானுவ. பாக்க, கடலுக்குக் கற்பூரம் காட்டுற மாதிரி இருந்திச்சு."

சிவக்கொழுந்து அமர்ந்தார். ஆசாரி ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து அருகில் வைத்தார்.

தண்டல் சாக்கை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். பத்து வழிநூல்கள். அட்டை உப்பேறி, முனை சுருண்டு, மீன் வாடையோடு கிடந்தன.

சிவக்கொழுந்து ஒன்றைத் திறந்தார். திடுக்கிட்டார். இன்னொன்றைத் திறந்தார். பத்தையும் திறந்து பார்த்தார். பக்கந்தோறும் கையெழுத்து, மையாலும் கரியாலும் எழுதியிருந்தார்கள். ஓரங்களை நிரப்பி, வரிகளுக்கிடையே புகுந்து, அச்செழுத்தின்மேலேயும் ஏறியிருந்தது.

"என்ன இது? புத்தகத்தில் இப்படிக் கிறுக்கலாமா?"

"கிறுக்கல் இல்ல வாத்தியாரே. நீங்கதானே சொல்லச் சொன்னீங்க. அச்சுல இருக்குறத எதுத்துப் பேச எங்க ஆளுங்களுக்கு வாய் வராது. இதுல படத்துலயே நீங்களே ஆரம்பிச்சுட்டீங்க. பொறவு பயலுவளப் புடிக்க முடியல. எழுத எடம் இல்லாம எழுத்து மேலயே எழுதிட்டானுவ. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பின்னப்புள்ளி தம்பி எழுதுனான். பதினாறு என்னது."

"நீர் எனக்குச் சொன்னதிலேயே பதினாறு பிழையா?"

"அன்னிக்கு நீங்க கவராயத்த வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. பயமா இருந்திச்சு. ஏதோ சொல்லிட்டேன்" என்றார் தண்டல்.

பின்கட்டில் ஆசாரி சிரிக்கும் ஒலி கேட்டது. ஞானாதிக்கம் அம்மாள் முகத்தை அச்சுப்பொறிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஆறு நாளும் சிவக்கொழுந்து அந்தப் பத்து நூல்களோடு இருந்தார். பத்தையும் ஒப்பிட்டார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மறுத்திருந்தார். மறுத்ததை மூன்றாமவர் தம் கண்ணால் கண்டதாக உறுதி செய்திருந்தார். ஓரிடத்தில் மணல் திட்டு நகர்ந்திருந்தது. ஓரிடத்தில் அடையாள மரம் புயலில் விழுந்திருந்தது. அவர் பன்னிரண்டு ஆண்டுகள் கேட்டும் யாரும் சொல்லாத குடிநீர் ஊற்று ஒன்று, கரிக்கோட்டில் இரண்டாம் தீவின் வடமுனையில் இருந்தது.

ஏழாம் நாள் அவர் அம்மாளின் முன் வந்து நின்றார். கையில் புதிய கைப்பிரதி. கண்களில் தூக்கமில்லை, ஆனால் ஒளி இருந்தது.

"தொண்ணூற்று மூன்று திருத்தம் அம்மா. ஒன்றையும் விடவில்லை. சொன்னவர் பெயரையும் அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன். படத்தையும் புதிதாக வரைந்துவிட்டேன். எப்படிச் செதுக்க வேண்டும் என்று ஆசாரியாரிடம் கேட்டுக்கொண்டேன். இரண்டாம் பதிப்பைத் தொடங்கலாமா?"

"காகிதம் வந்திருக்கிறது. தொடங்கலாம்."

அவர் போகவில்லை.

"ஒன்று கேட்க வேண்டும் அம்மா."

"கேளுங்கள்."

"அத்தனையும் திருத்திவிட்டேன். இனி இந்த நூல் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம் அல்லவா?"

ஞானாதிக்கம் அம்மாள் மேசைமேல் கிடந்த பழைய பிரதி ஒன்றை எடுத்தார். எழுத்தும் எழுத்தின்மேல் எழுத்துமாக இருந்த ஒரு பக்கத்தைத் திறந்து, அதன் ஓரத்தில் தம் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். விரலுக்கு அங்கே இடம் போதவில்லை.

"இந்த முறை ஓரத்தை இரண்டு விரல் கூடுதலாக விடுங்கள் ஐயா" என்றார்.